கதாநாயகி சாக வேண்டிய வாரம்

உலோகனின் காதலியைக் கொன்றுவிடலாம் என்று முடிவானபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. உலோகனுக்கு வழக்கம்போல இருபத்தெட்டு.

முடிவெடுத்தவர் முதலாளி. அவர் காமிக்ஸ் படிக்கிறவர் இல்லை. நாட்காட்டி, பரீட்சை வழிகாட்டி, மருந்துக் கடைகளுக்கான காகித உறை இவற்றோடு மாதம் ஒரு முறை உலோகன் காமிக்ஸையும் அச்சடித்து வந்தார். ஒருநாள் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரே பத்திரிகை அவருடையதாகவே இருந்தது. புரட்டினார். நடுப்பக்கத்தில் ஓர் உயரமான கட்டடத்தின் விளிம்பில், காதோரம் நரைத்த ஒரு பெண்மணி தொங்கிக்கொண்டிருந்தார். படிக்கிற கண்ணாடி ஒன்று சங்கிலியோடு அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளி அங்கிருந்தபடியே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தார்.

"யாரும்மா இது? உலோகனோட அம்மாவா?"

"காதலி சார்."

பின்னால் பல் துளைக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"என்ன வயசு இவங்களுக்கு?"

"கதையில நாம வயசு சொல்றதில்ல சார்."

"படம்தான் சொல்லுதே."

அவள் அடுத்த மாத இதழில் சாக வேண்டும். உலோகன் ஓர் இதழ் முழுக்கத் துக்கப்பட வேண்டும். அதற்கடுத்த இதழில் இருபத்து நான்கு வயதில் ஒருத்தி வர வேண்டும். பல்லைப் பிடுங்குவதற்குள் இவ்வளவும் முடிவாகிவிட்டது.

உலோகனை முதல் இதழிலிருந்து வரைந்து வருகிறவர் ஒரே ஓவியர். கண் முன்னால் இருக்கும் பொருளை அவரைப்போல வரைய ஆளில்லை. கண் முன்னால் இல்லாத எதையும் அவரால் வரைய முடியாது. ராக்கெட் வேண்டுமென்றால் மேசைமேல் ஃபிளாஸ்க்கை நிறுத்துவார். வேற்றுக்கிரகத்துத் தலைநகரம் அவருடைய சமையலறை அலமாரியின் மேல்தட்டு. மூடிகளெல்லாம் அப்படியே தெரியும். வில்லன்கள் எந்தக் கிரகத்திலிருந்து வந்தாலும் மாடி வீட்டுக்காரரின் மூக்கோடுதான் வந்தார்கள். அவர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

காதலிக்கு மாதிரி ஓவியரின் மனைவி. கல்யாணமான வருடம், இருபத்திரண்டு வயதில், முதல் தடவையாக பீரோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அதற்குப் பிறகு தொங்காத மாதமில்லை. கீழே விழுகிற காட்சி என்றால் சாப்பாட்டு மேசையில் குப்புறப் படுத்துக் கைகளை விரிப்பார். கடத்தப்பட்டால் சாப்பாட்டு அறை நாற்காலியில் கட்டுவார்கள். அந்த நாற்காலியின் முதுகுப் பலகையில் ஒரு விரிசல் உண்டு. உலகை அடிமையாக்க வந்த எல்லாரிடமும் விரிசல் விட்ட ஒரு நாற்காலி இருந்தது.

உலோகனுக்கு மனைவியின் தம்பி. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். பெட்டிகளை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோய்ப் பழகிய தோள்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார், சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார், சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்காவையும் தம்பியையும் காதலர்களாக ஒன்றாக நிறுத்த ஓவியர் ஒரே ஒரு தடவை முயன்றார். இரண்டு பேரும் சிரித்து உருண்டதில் மைக்கூடு கவிழ்ந்தது. அதிலிருந்து அவளைத் தனியாக வரைந்தார், அவனைத் தனியாக வரைந்தார், இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒட்டினார். அதனால் உலோகனும் காதலியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நிலா வெளிச்சத்தில் அவள் அவனுடைய காதைப் பார்ப்பாள். அவன் அவளுக்குப் பின்னால் எங்கேயோ பார்ப்பான்.

வாசகர்கள் இதைக் காதலின் உச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடமை அவனை நிமிர்ந்து பார்க்க விடவில்லை என்று ஒருவர் நீளமாக எழுதினார். இப்போதைய ஆசிரியரே பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பார்க்காத பார்வைக்காகத் தோழிகளோடு சண்டை போட்டவர்தான்.

தம்பிக்கு உச்சந்தலையில் முடி கொட்டியபோது ஓவியர் அதையும் பார்த்தார், வரைந்தார். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டம். உலோகன் ரயிலை நிறுத்திக்கொண்டிருக்கிறான். நடு மண்டை பளபளக்கிறது. தம்பியின் பட்டறையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒரு பழைய ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்தார்கள். தம்பி அதைக் கையோடு கிழித்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா படத்தைப் பார்த்தார், தம்பியின் தலையைப் பார்த்தார், சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நிற்கவில்லை.

"இனிமே நீ செத்தாதான் இந்த வீட்டுப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி இறங்கிப் போனார். போன வேகத்தில், நடையில் கோட் மாட்டுகிற ஸ்டாண்டின் மேல் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டை மறந்துவிட்டார். திரும்பி வந்து எடுத்தால் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. ஹெல்மெட் அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் ஓவியர் உலோகனை வரைய உட்கார்ந்தபோது அவர் முன்னால் ஸ்டாண்டும் ஹெல்மெட்டும்தான் இருந்தன.

அன்றிலிருந்து உலோகன் முகத்தைக் காட்டுவதில்லை. கொஞ்சம் விறைப்பாக நிற்பான். துயரம் அவனை இறுக வைத்துவிட்டதாக வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். அவனுக்கு வயதும் ஏறவில்லை. ஸ்டாண்டு தேக்கு.

அக்கா மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடினார். அதைக் கட்டத்துக்குக் கட்டம் ஓவியர் உண்மையாக வரைந்து வந்தார்.

*

ஆசிரியர் ஓவியரின் வீட்டுக்கு வந்தது ஒரு சாயங்காலம். முன்பு அவர் வந்ததில்லை. நடையில் நின்ற ஸ்டாண்டைப் பார்த்ததும் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். சாப்பாட்டு அறைக்குள் வந்து, விரிசல் விட்ட நாற்காலியைப் பார்த்துவிட்டு, வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓவியருக்கு அலுவலகத்திலேயே தகவல் சொல்லியாகிவிட்டது. அவர் மனைவியிடம் சொல்லவில்லை என்பது அவர் டீ போடப் போன வேகத்தில் தெரிந்தது.

"அக்கா, அடுத்த இதழ்ல உலோகன் காதலியோட வாழ்க்கை வரலாறு போடப் போறோம். நாலு பக்கம்."

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் அவருக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் பூராவும் எதிரே உட்காருகிறவர்களிடம் "நேரா என் மூக்கைப் பாருங்க, இமைக்காதீங்க" என்று சொல்லுவார். சொல்லிச் சொல்லி அவரே அதிகம் இமைப்பதில்லை. அந்தப் பார்வையோடு ஆசிரியரைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் இல்லாம இப்போ எதுக்கும்மா வரலாறு?"

"வாசகர்கள் கேக்கறாங்க."

"யாரு கேட்டாங்க?"

ஆசிரியர் பையிலிருந்து பழைய இதழ்களை எடுத்து மேசையில் அடுக்கினார். உண்மையில் அவர் திணறிப்போயிருந்தார். கதையில் ஒருத்தியைச் சாகடிப்பதற்கு முன்னால் அவளுக்கு ஓர் இறந்தகாலம் கொடுப்பது தொழில் வழக்கம். இல்லையென்றால் யாரும் அழ மாட்டார்கள். ஆனால் மொத்த இதழ்களையும் துருவியதில் கிடைத்தது கொஞ்சம்தான். முதலில் அவள் நர்ஸ். காரணம், அப்போது வீட்டில் ஒரு வெள்ளை கோட் இருந்தது. பிறகு பத்திரிகை நிருபர்; ஓவியர் கேமரா வாங்கிய வருடம் அது. கேமரா கெட்டுப்போனதும் அவளுக்கு வேலையே இல்லை. அப்பா அம்மா இல்லை. வீடு இல்லை. ஒரு கட்டத்தில்கூட அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பெயரும் இல்லை. முதல் கதாசிரியர் பெயரை ஒரு பெரிய திருப்பத்துக்காக ஒளித்து வைத்திருந்தார். திருப்பம் வருவதற்குள் அவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். உலோகன் அவளை "அன்பே" என்பான். வில்லன்கள் "பெண்ணே" என்பார்கள். வாசகர் கடிதங்களில் "அன்பே அக்கா நலமா?" என்று எழுதுவார்கள்.

"அவன் வந்து காப்பாத்தாத நாள்ல இவ என்ன பண்ணுவாக்கா?" என்று ஆசிரியர் கேட்டார். "எனக்கு ஒண்ணுமே தோணல."

"வேலைக்குப் போவா. வேற என்ன பண்ணுவா?"

"என்ன வேலை?"

"கண்ணு பாக்கற வேலைன்னு வச்சுக்கோங்களேன். உக்காந்து பாக்கற வேலை. எப்பவும் தொங்கிக்கிட்டே இருக்க முடியுமா?"

ஆசிரியர் எழுதிக்கொண்டார். மேலும் கேட்டார். மனைவி சொன்னார். அவருடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் பத்து மாடி ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கக் கூட்டிப் போவார். அதனால் உயரம் என்றால் பயமில்லை. பயம் பல்லிக்குத்தான். அம்மா தையல்காரி, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் தைத்துப் போடுவார், ரொம்ப நாளைக்கு அவரும் தம்பியும் ஒரே திரைச்சீலை மாதிரி தெருவில் நடந்தார்கள். பீரோவில் தொங்கித் தொங்கி வலது தோள் இறங்கிப்போய்விட்டது. கடையில் லென்ஸ் பெட்டியை இடது கையால்தான் எடுக்கிறார்.

"பேரு ஏதாவது வைக்கலாமாக்கா?"

"இவ்வளவு நாள் பேரே இல்லாம குப்பை கொட்டிட்டா. இப்போ எதுக்கு, கல்லறையில எழுதவா?"

டீயோடு வந்த ஓவியர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆசிரியர் பேனா மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓகோ" என்றார். "எப்போ?"

"அடுத்த இதழ்" என்றார் ஆசிரியர்.

"எதனால?"

"வில்லனோட கதிர் உலோகன் மேல பாய வருது. நீங்க குறுக்க விழறீங்க."

"அது எப்படி சாகறேங்கறதும்மா. எதனாலன்னு கேட்டேன்."

ஓவியர் டீயை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் சிந்தியது.

"நரைச்சதனாலயா?"

"முதலாளி சொல்றார்" என்றார் ஓவியர்.

"போன வருஷம் அதுக்காகத்தானே மை பூசச் சொன்னீங்க? பூசினேனே. இதழ் வந்த வாரமே என்ன மைன்னு கேட்டுக் கடிதம் வந்துச்சுன்னு சொன்னீங்க."

"அது போயிடுச்சுல்ல. போனதும் வரைஞ்சுட்டேன்."

"ஒரு மாசம் அப்படியே விட்டிருக்கக் கூடாதா?"

"இருந்தாத்தானே விட முடியும்?" என்றார் ஓவியர். அவர் வாதாடவில்லை. அவருக்கு நிஜமாகவே அது புரியாத கேள்வி.

மனைவி டீயை எடுத்துக் குடித்தார். "நான் செத்த மாதிரி படுக்க மாட்டேன்" என்றார். "விழச் சொன்னீங்க, விழுந்தேன். கட்டிப் போட்டீங்க, உக்காந்திருந்தேன். வயசாயிடுச்சு செத்துப் போன்னு சொன்னா, நாளைக்குக் கடையில எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காருவேன்? பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எந்தக் கட்டடத்துலேர்ந்து விழுந்தீங்கன்னு கேட்டுட்டுத்தான் கண்ணையே காட்டறாங்க."

*

ஓவியர் மனைவி இல்லாமல் முயன்று பார்த்தார். மெத்தைமேல் நீளத் தலையணை ஒன்றைக் கிடத்தி, அதற்கு மனைவியின் மேல்கோட்டைப் போர்த்தினார். ஸ்டாண்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். வரைந்து முடித்த பக்கத்தை ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"சார், தலையணை செத்துக் கிடக்கு."

"தெரியுது மேடம்."

"உலோகன் மேல சாஞ்சு விழப் போறான்."

"ஸ்டாண்டுக்கு ஒரு கால் ஆடுது."

மற்றப் பக்கங்கள் எல்லாம் தயாராகிவிட்டன. வாழ்க்கை வரலாறு நான்கு பக்கமும் நன்றாக வந்திருந்தது. லிஃப்ட் ஓட்டையை அவர் அலுவலகக் கட்டடத்திலேயே போய்ப் பார்த்து வரைந்திருந்தார். கல்லறையில் உலோகன் தனியாக நிற்கும் கடைசிப் பக்கமும் முடிந்துவிட்டது. கல்லறைக் கல்லுக்கு ஒரு சோப்பை நிறுத்தி வைத்திருந்தார். பெயர் முடிவாகாததால் கல் வெறுமையாக இருந்தது. அதற்கு முந்தின பக்கம்தான் பாக்கி. பக்கம் முழுக்க ஒரே கட்டம்: உலோகனின் கைகளில் அவள் கண் மூடுகிறாள்.

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி வேற ஒரு ஆளைப் பாத்து வச்சிருக்கார் சார். கம்ப்யூட்டர்ல வரையற ஆள். அவருக்கு எதையும் பாக்க வேண்டியதில்ல. திங்கக்கிழமை இந்தப் பக்கம் வரலேன்னா மொத்தமா அவர்கிட்ட குடுத்துடுவார். உங்களையும் சேத்துதான்."

ஓவியர் இதை வீட்டில் அப்படியே சொன்னார். இல்லாததைச் சேர்த்துச் சொல்லவோ இருப்பதைக் குறைத்துச் சொல்லவோ அவருக்குத் தெரியாது.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சரி, சாகறேன்" என்றார். "ஆனா அந்த ஸ்டாண்டு மடியில சாக மாட்டேன்."

"அதுக்கு மடி இல்லையே."

"அதைத்தான் சொல்றேன். அவனைக் கூட்டிட்டு வாங்க."

ஓவியர் பட்டறைக்குப் போனார். தம்பி ஒரு பெரிய ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் தலையை விட்டுக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியிருந்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு மாமாவின் செருப்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன மாமா?" டார்ச்சை எடுத்தார். "யாருக்கு என்ன?"

"உங்க அக்கா..."

தம்பியின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"...ஞாயித்துக்கிழமை சாகணும். நீ வந்தாத்தான் நடக்கும்."

ஓவியர் விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் தம்பி திருப்புளியைத் தேடி எடுத்தார். கம்ப்ரசரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நல்லா சொன்னீங்க சேதி. ஒரு நிமிஷத்துல எனக்கு உயிர் போயிடுச்சு" என்றார். "நரைச்சதுக்கா கொல்றாங்க?"

"ஆமா."

"எனக்கு முடி கொட்டினப்போ யாரும் கொல்லலயே. ஹெல்மெட்டுதானே போட்டு விட்டீங்க."

"அது நீ வச்சுட்டுப் போனது."

தம்பி யோசித்தார். "அவ செத்தாதான் படி ஏறுவேன்னு சொன்னேன். சாகறதுக்காகக் கூப்பிடறா. வந்தா சொல் மாறினதா ஆகாது, இல்ல?"

"ஆகாது மச்சான்."

"அப்போ வர்றேன்."

*

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி வந்தார். நடையில் நின்று ஸ்டாண்டைப் பார்த்தார்.

"என் ஹெல்மெட் இன்னும் இங்கதான் இருக்கா?"

"உலோகன் போட்டிருக்கான்" என்றார் அக்கா உள்ளேயிருந்து. எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியோடு பேசிய முதல் பேச்சு அது.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கதைப்படி உலோகன் அவளை இரு கைகளிலும் ஏந்தி நிற்க வேண்டும். தம்பி சட்டையைக் கழற்றாமலே குனிந்து, அக்காவைத் தூக்கப் பார்த்தார். முட்டி வரைக்கும் வந்தது. அப்புறம் தம்பியின் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

"என்னடா, ஃபிரிட்ஜெல்லாம் தூக்குவியே?"

"ஃபிரிட்ஜு வாயை மூடிக்கிட்டு வரும்."

"தூக்கத் துப்பில்ல, பேச்சைப் பாரு."

"நீ வெயிட்டு போட்டுட்டேக்கா."

"நீ முடியைப் போட்டுட்டே, நான் ஏதாவது சொன்னேனா?"

"சொல்லல. சிரிச்சே."

ஓவியர் பென்சிலைச் சீவினார். பிறகு, "உக்காந்தே இருக்கட்டும்" என்றார். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா தலையை அவர் மடியில் வைத்துப் படுத்தார், வலது தோளைச் சரிசெய்துகொண்டார், கண்களை மூடினார்.

"மூச்சு தெரியுது" என்றார் ஓவியர்.

"மூச்சை விடாம இருந்தா நிஜமாவே முடிஞ்சுடும்."

ஓவியர் வரையத் தொடங்கினார். முதலில் சுவர், பிறகு தரை, பிறகு தம்பியின் தோள்கள். அவர் எப்போதும் முகங்களைக் கடைசியில்தான் வரைவார். அறையில் பென்சில் சத்தம் மட்டும். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். மேலே தம்பியின் முகம் தெரிந்தது. அவர் குனிந்து பார்க்காமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, தூரத்து விளம்பரப் பலகையைப் படிப்பவர் மாதிரி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா தலையைப் பின்னால இழுக்கற? நாத்தமா அடிக்குது?"

"இல்லக்கா."

"பின்ன?"

"கிட்ட வச்சா நீ தெரிய மாட்டேங்கற."

அக்கா அசையாமல் அவரைப் பார்த்தார். ஒரு விரலைத் தூக்கி அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தார். மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். ஒரு கை தூரம் வந்ததும்தான் தம்பியின் கண் அதைப் பிடித்தது.

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும்."

"வேலை எப்படிப் பாக்கற?"

"கையால தடவிப் பாப்பேன். பழக்கம்தானே."

"கரண்ட்டு வயரையுமா தடவிப் பாப்ப? வெள்ளெழுத்துடா, எல்லாருக்கும் வர்றதுதான். தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் நான் பாத்துக் குடுக்கறேன். உனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்ல?"

"ஆள் இல்லாமயா? நான்தான் படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டேனே."

இந்தத் தடவை இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கி, அக்காவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அக்கா மூக்கைப் பார்க்கச் சொல்லவில்லை. நேராகக் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணை மூடு" என்றார் ஓவியர். அவர் முகங்களுக்கு வந்துவிட்டிருந்தார்.

யாரும் மூடவில்லை. ஓவியர் ஒரு தடவைக்கு மேல் சொல்கிறவர் இல்லை. வரைந்தார்.

*

திங்கட்கிழமை ஆசிரியரின் மேசையில் பக்கம் வந்து சேர்ந்தது. அச்சகத்திலிருந்து மற்றப் பக்கங்கள் ஓடத் தொடங்கிவிட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

உலோகன் ஹெல்மெட் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். வழுக்கை நெற்றியில் ஜன்னல் வெளிச்சம். அவன் மடியில் நரைத்த பெண்மணி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இவங்க சாகலையே."

"கண்ணை மூடச் சொன்னேன் மேடம். மூடல."

"நீங்க மூடின மாதிரி போட்டிருக்கலாமே?"

ஓவியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஆசிரியரிடம் திருத்தங்களுக்கான வெள்ளை மையும் மெல்லிய தூரிகையும் உண்டு. எடுத்தார், தோய்த்தார். இரண்டு கண்களை மறைத்து, இரண்டு கோடு இழுத்தால் போதும். ஒரு நிமிட வேலை. தூரிகையைக் கண்ணருகே கொண்டுபோனார். பள்ளிக்கூட நாட்களில் தோழிகளிடம், ஒருநாள் அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள், அப்போது தெரியும் உங்களுக்கு என்று சொன்னவர் அவர். போன வாரம்தான் அந்த வீட்டில் உட்கார்ந்து, ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்கான காரணத்தையும் தெரிந்துகொண்டிருந்தார். காரணம் தெரிந்த பிறகும் கை நகரவில்லை. தூரிகை நுனியில் மை காய்ந்தது.

கழுவி வைத்துவிட்டு, வசனத் தாளை இழுத்தார். "அன்பே, என்னை விட்டுப் போகாதே" என்பதை அடித்தார். "இறுதி மூச்சு" என்ற வரியை அடித்தார்.

"அவங்க என்ன பேசிக்கிட்டாங்க சார்?"

ஓவியர் சொன்னார். ஆசிரியர் ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டார்.

"கடைசிப் பக்கம் கல்லறை இருக்கே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் ஓவியர்.

"கல்லுல பேரு எழுதலையே. வில்லனைப் புதைச்சுடுவோம்."

முதலாளி மறுநாள் போன் செய்தார். புதிதாகக் கட்டிய பல் இன்னும் பழகாததால் அவர் பேச்சு குழறியது.

"ஏம்மா, அந்தம்மா சாகலையே?"

"இல்ல சார்."

"ஏன்?"

"சாகறவங்க அப்படிப் பாக்க மாட்டாங்க சார்."

"உலோகனுக்கு வழுக்கை வேற!"

"அது ஹெல்மெட்டுக்குள்ள எப்பவும் இருந்ததுதான் சார்."

இதழ் கடைகளுக்குப் போய்விட்டது. திரும்பக் கூப்பிட வழியில்லை. பார்க்கலாம் என்று முதலாளி போனை வைத்தார். கம்ப்யூட்டர் ஓவியரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருப்பதாகப் பிறகு தெரிந்தது. கடிதங்கள் வந்தன. தங்களை ஏமாற்றிவிட்டதாகப் பாதிப் பேர் எழுதினார்கள். உலோகனுக்கு வெள்ளெழுத்து என்று எங்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான் காதலிக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான் என்று மீதிப் பேர் எழுதினார்கள். பல்லிக்குப் பயப்படும் காதலியைத் தங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாக ஒரு தபால்காரர் எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்கு இது போதும் என்றார் ஆசிரியர். அதற்கு மேல் அவர் எதையும் உறுதி சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடியும் படி ஏறினார். "அவதான் சாகலையே, நீ எப்படி வந்த?" என்று ஓவியர் கேட்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது. அடுத்த இதழின் முதல் பக்கம் பாக்கி.

அக்கா கடையிலிருந்து லென்ஸ் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். விரிசல் விட்ட நாற்காலியில் தம்பியை உட்கார வைத்து, பரிசோதனை ஃபிரேமை மாட்டி, ஒரு கண்ணை மூடினார். படிக்கிற அட்டையைப் பைக்குள் தேடினார். ஓவியர் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பலகையை முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"நேரா பாரு. முதல் வரி தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"ரெண்டாவது?"

"அதுவும் நல்லாத் தெரியுது."

"டேய்" என்றார் அக்கா. "அட்டையை இன்னும் நான் எடுக்கவே இல்ல."

ஓவியர் வரைந்துகொண்டிருந்தார்.